குண்டனைக் கூட்டிக்கொண்டு போனவள்

செப்டம்பர் 6

என் அருமை முந்திரிக்கு,

போனில் பேசினால் சண்டை வருகிறது, இனிமேல் எழுதிக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, பெட்டி வரைக்கும் நடந்து போவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும் என்பது உன் கணக்கு. எனக்கு ஆறவில்லை. நடக்க நடக்க ஏறுகிறது.

அன்றைக்கு நான் போனில் கத்தியது அம்மாவுக்குப் பக்கத்து அறையில் கேட்டிருக்கிறது. மறுநாள் காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"யாருடா அந்தக் குண்டன்? அவ அவனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாளா?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. குண்டன் ஆள் இல்லை, அலை என்று சொன்னேன். குளத்தில் கல்லைப் போட்டால் வருகிற அலை பரவிப் பரவி ஒன்றுமில்லாமல் போய்விடும். இவன் கரையமாட்டான். தன்னைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு உருண்டையாக நிற்பான். சொலிட்டான் என்று பெயர், குண்டன் நாங்கள் வைத்த செல்லப் பெயர். லேசாகத் தட்டினாலும் கொஞ்சம் ஆடிவிட்டு மறுபடி பழையபடி நின்றுவிடுவான் என்று நாங்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து கணக்குப் போட்டு நிரூபித்தோம் என்றேன்.

"அப்புறம் எதுக்குக் கத்துன?"

"அது ஈர்ப்பு விசையைச் சேர்க்காம போட்ட கணக்கும்மா. இப்ப அவ அந்த ஊர்ல இன்னொருத்தரோட உக்காந்து ஈர்ப்பைச் சேர்த்துப் பாக்குறா. என்னைக் கேக்காம."

அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். "இன்னொருத்தரோடன்னு சொன்னியே, அதுக்குத்தான் கத்துன. அதை நேரா சொல்லிட்டுப் போ. அலையாம், உருண்டையாம்."

அம்மா சொன்னது சரி. எனக்குப் பொறாமைதான். அந்த நெட்டையன் (நீ அனுப்பிய குரூப் போட்டோவில் கதவு நிலையில் தலை இடிக்கிற மாதிரி நிற்கிறாரே, அவர்தானே?) உன்னைச் சினிமாவுக்குக் கூட்டிப் போனால்கூட எனக்கு இவ்வளவு எரியாது. நீ ஒரு சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நகம் கடித்துக்கொண்டு நிற்பாய். மீதியை இப்போது அவர் எழுதுகிறார். அது என் வேலை. சாக்பீஸ் தூள் உங்கள் இரண்டு பேர் சட்டையிலும் சேர்ந்து படியும் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது.

ஒரு வருஷம் என்று சொல்லிப் போனாய். வருஷம் முடிந்ததும் வந்துவிடுவாய்தானே?

உன் ஆமை


செப்டம்பர் 17

ஆமைக்கு,

முதலில் ஒன்று. அவரை நெட்டையன் என்று எழுதாதே. அவர் நம்மைவிடப் பெரியவர். மனைவி இருக்கிறார், இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். மாமியார் போன் செய்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். இவரைப் பார்த்து நீ வயிறு எரிவது என்றால் மின்கம்பத்தைப் பார்த்தும் எரியலாம்.

இரண்டாவது. உன்னைக் கேட்காமல் என்று அத்தையிடம் சொன்னாயே, மனசாட்சி இருக்கிறதா உனக்கு? எடை இருக்கிற எதையும் அதன் ஈர்ப்பே உள்ளே இழுத்து நசுக்கப் பார்க்கும், அப்போதும் நம் குண்டன் நிற்பானா, பார்க்கலாம் வா என்று உன்னிடம் கெஞ்சாத குறை. விடைத்தாள் திருத்த வேண்டும் என்றாய். அடுத்த விடுமுறை என்றாய். அடுத்த விடுமுறையில் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாய். வகுப்பில் கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்குகிறேன் என்று எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தவன் நீ. முந்திரிக்கொட்டை எத்தனை நாள்தான் ஆமைக்காகக் காத்திருக்கும், சொல்.

இங்கே என் அறை மூன்றாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துகிற இடம், அதைத் தாண்டி ஒரு சுவர், அவ்வளவுதான். ஆனால் பலகை மட்டும் சுவர் முழுக்க இருக்கிறது. எழுதிக்கொண்டே போனால் கதவு வரை போகலாம். நம் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் எழுதியவளுக்கு இது போதாதா?

மூன்றாவது விஷயத்தை அன்றைக்குப் போனில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே நிரந்தர வேலை ஒன்று காலியாகிறது. டிசம்பரில் எல்லோர் முன்னாலும் நான் பேச வேண்டும். பேச்சு நன்றாக அமைந்தால் எனக்கே கிடைக்கலாம் என்று எங்கள் துறைத் தலைவி ஜாடைமாடையாகச் சொன்னார். கிடைத்தால் என்ன செய்வேன் என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

அத்தையின் முழங்கால் வலிக்கு அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தாயா?

முந்திரி


அக்டோபர் 2

முந்திரிக்கு,

மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். குழாயையும் மாட்டிவிட்டேன். ஒழுகவில்லை. தெரிந்துகொள்.

நிரந்தர வேலை. இந்த இரண்டு சொல்லை நீ எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். கல்லூரியில் அன்று முழுக்க என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "சார், இதே கணக்கைத்தான் போன வாரமும் போட்டீங்க" என்றான். அப்படியானால் நன்றாகப் பதிந்திருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவருக்கு மனைவி இருக்கிறார், மாமியார் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும்தான் மனைவி இருக்கிறாள், மாமியார் இருக்கிறார். அதனால் நான் என்ன ஆகிவிட்டேன்? ஒரு ஆள் கூட உட்கார்ந்து கணக்குப் போடுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? நாம் அப்படித்தானே ஆரம்பித்தோம்? நூலகத்தில் உனக்கு எதிரில் உட்கார்ந்து நீ அடித்த வரிகளை எல்லாம் மறுபடி எழுதிக்கொண்டிருந்தபோது நானும் மின்கம்பம் மாதிரிதான் இருந்தேன்.

இன்னும் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குண்டன் மேலேயே பொறாமையாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் அவனை நினைக்கிறாய். அவன் நிற்பானா விழுவானா என்று கவலைப்படுகிறாய். இங்கே ஒருவன் ஆடிக்கொண்டிருக்கிறேன், என்னை யார் கணக்குப் போட்டுப் பார்ப்பது?

அம்மா சொல்கிறாள், "அவ வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும், நீ மொதல்ல தாடியை எடு, வீட்டுக்கு வர்றவங்க யாரோ சாமியார்னு நெனைக்கிறாங்க." எடுக்கவில்லை.

ஆமை


அக்டோபர் 14

ஆமை! ஆமை! ஆமை!

குண்டன் விழுந்துவிட்டான்!

துளி ஈர்ப்பைச் சேர்த்தாலே போதும். லேசாகத் தட்டினால் ஆட்டம் அடங்கவில்லை, வளர்ந்துகொண்டே போகிறது. எவ்வளவு லேசான குண்டனாக இருந்தாலும் இதே கதைதான். நாம் நிற்பான் என்று அடித்துச் சொன்னவன் தன் எடையைத் தானே தாங்காமல் சரிகிறான். யாருமே இப்படி வரும் என்று நினைக்கவில்லை. விடை வந்ததும் நான் கத்திய கத்தலில் எதிர் அறையிலிருந்து ஓடிவந்தார்கள், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று. அவர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில்.

தலைவி வந்து பலகையை நெடுநேரம் பார்த்தார். "டிசம்பர்ல இதையே பேசிடுங்க" என்றார். அந்தக் குரலிலேயே எனக்கு வேலை கிடைத்துவிட்டது போலிருந்தது.

கணக்கின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார். நீ பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உண்மையாகவே.

முந்திரி


அக்டோபர் 29

முந்திரிக்கு,

படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிகிறது. ஆனாலும் சொல்கிறேன். விடை தப்பு.

நாம் பழைய கணக்குப் போட்டபோது வெளியும் நேரமும் அசையாத மேடை. அதன் மேல் கட்டம் போட்ட தாளை விரித்து, குண்டன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று குறித்துக்கொண்டோம். ஈர்ப்பு வந்தால் மேடையே வளைகிறது. தாளை எப்படி விரிப்பது என்பது நம் இஷ்டம். அதனால்தான் அதை வெளி ஓரத்திலும் நடுவிலும் ஆணியடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நான்காம் பக்கத்தில் நீங்கள் வெளி ஓரத்தில் அடித்தீர்கள், நடுவில் அடிக்க மறந்துவிட்டீர்கள். நழுவிக்கொண்டு போவது உங்கள் தாள். குண்டன் நகர்வதாக அதில் தெரிகிறது.

எந்தத் தாளை விரித்துப் பார்த்தாலும் மாறாத ஒன்று உண்டே, குண்டனின் நடு மையத்தில் வெளி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. என் பழைய கம்ப்யூட்டரில் அதை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். விசிறி அலறுகிறது, அறை அனலாகிறது, அந்த எண் மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. லேசான குண்டன் ஆடவே இல்லை.

இது ஊர் உலகத்தில் வேறு யாரும் செய்யாத தப்பு இல்லை. ஈர்ப்பைத் தொடுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் வழுக்குகிறார்கள். ஆனால் உன்னோடு உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர் பார்த்திருக்க வேண்டாமா? கதவு நிலையில் இடிக்கிற உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு ஆணி கண்ணில் படாதோ?

தப்பு இருக்க வேண்டும், இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தேடினேன். கிடைத்ததும் எழுந்து நின்று கை தட்டினேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்படித் தட்டிய பிறகுதான் நீ டிசம்பரில் மேடையில் நிற்கப்போகிறாய் என்பது ஞாபகம் வந்தது.

ஆமை


நவம்பர் 7

உனக்கு,

கை தட்டினாயாமே. நன்றாகத் தட்டு.

இதுவரை நீ எழுதிய எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் படித்தேன். நெட்டையன். சாக்பீஸ் தூள். குண்டன் மேலேயே பொறாமை. இப்போது, வேலை கிட்டத்தட்ட என் கைக்கு வந்திருக்கிற இந்த நேரத்தில், விடை தப்பு. எவ்வளவு வசதியாக இருக்கிறது பார். விடை தப்பானால் பேச்சு இல்லை. பேச்சு இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் முந்திரி மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

தாள் நழுவுகிறது என்கிறாய். நழுவுவது எது என்று எனக்குத் தெரியும். நீ என்னைப் பார்க்கிற பார்வைதான் நழுவிவிட்டது. இருந்த இடத்திலேயே இருக்கிறவளைப் பார்த்து ஓடிப்போகிறாள், ஓடிப்போகிறாள் என்று கத்துகிறாய்.

நீ சொன்னதைப் படித்துவிட்டு நான்காம் பக்கத்தைத் திறந்தேன். அதன் மேல் உன் முகம்தான் தெரிந்தது. ஒரு வரிகூட ஓடவில்லை. மூடிவிட்டேன்.

இனிமேல் இந்தக் கணக்கைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதாதே. எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன். அத்தையைப் பற்றி எழுது. குழாயைப் பற்றி எழுது.

முந்திரி


நவம்பர் 13

முந்திரிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நாக்கின் நீளம் குறையவில்லை. உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடாமல் எழுந்ததற்கு, "பொண்டாட்டிகிட்ட வாயைக் குடுத்துட்டு வந்து சோத்து மேல காட்டாத" என்றாள்.

குழாய் ஒழுகவில்லை.

நீ கேட்டுக்கொண்டபடி கணக்கைப் பற்றி எழுதமாட்டேன். நான் சொன்னால் அதில் என் எரிச்சல்தான் உனக்குத் தெரிகிறது. தெரியாமல் என்ன செய்யும், மூட்டை மூட்டையாக அல்லவா வைத்து அனுப்பினேன். யார் சொன்னால் உன் காதில் ஏறுமோ அவர் சொல்லட்டும்.

குளிர ஆரம்பித்திருக்கும். உன் சாம்பல் நிற ஸ்வெட்டர் இங்கேயே அலமாரியில் இருக்கிறது. பார்சலில் அனுப்புகிறேன்.

ஆமை


நவம்பர் 27

ஆமைக்கு,

ஸ்வெட்டர் வந்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கணக்கைப் பற்றி எழுதாதே என்று உன்னிடம் சொல்லிவிட்டு நானே எழுதுகிறேன், என்ன செய்வது. நீ சொன்னதுதான் சரி. நான்காம் பக்கம். நடுவில் ஆணி இல்லை. ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

ஆனால் அது எப்படித் தெரிய வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் அவர் கதவைத் தட்டிவிட்டு வந்தார். கையில் ஒரு கத்தைக் காகிதம், தன் பக்கமாகவே சாய்த்துப் பிடித்திருந்தார். "மேடம், கொஞ்சம் உக்காருங்க, கோபப்படாம கேளுங்க" என்றார். முதலில் இருந்து, நான் எந்த இடத்தில் சரியாகப் போட்டேனோ அதை எல்லாம் பாராட்டிக்கொண்டே வந்து, வழுக்கிய இடத்தில் நிறுத்தி, இங்கே வழுக்காமல் இருப்பதுதான் கஷ்டம் என்றார். என்னைத் தாழ்த்தி ஒரு சொல் இல்லை. தப்பு அவருடையதும்தான், ஆனால் அதைப் பற்றிக்கூட அலட்டிக்கொள்ளவில்லை. அதோடு விடவில்லை. ஆணியை அடித்துவிட்டு மேலே போனார். லேசான குண்டன் நிலையாகத்தான் நிற்கிறான். அவனுக்குள் சரக்கைச் சேர்க்கச் சேர்க்க எடை ஏறி ஒரு உச்சிக்கு வருகிறது. உச்சியைத் தாண்டியவன்தான் உண்மையாகவே ஆடுகிறான். ஒரு பக்கம் தட்டினால் கருந்துளையாகச் சுருங்குகிறான், மறுபக்கம் தட்டினால் சிதறிப் போகிறான். என் பழைய விடையைவிட இது எவ்வளவு அழகு!

கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இப்படி ஒருவர் உட்கார்ந்து எனக்காக யோசித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தோன்றியது. நீயும் இதையேதான் சொன்னாய். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே. ஒரே தப்பை நீ சுட்டியபோது என்னைக் கீழே தள்ளினாய். அவர் கை கொடுத்துத் தூக்கினார். கொஞ்சம் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

டிசம்பர் பதினொன்றாம் தேதி பேச்சு.

முந்திரி


டிசம்பர் 3

முந்திரிக்கு,

ரொம்ப சந்தோஷம். அவருக்கு என் பாராட்டைச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். "என்னத்தைடா அப்படி நறநறன்னு கடிக்கிற? பல்லு போனா நான் பொறுப்பில்ல" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமே இல்லைதான்.

கற்றுக்கொள்கிறேன். அவர் எப்படி உட்காரச் சொன்னார், எப்படிப் பாராட்டிக்கொண்டே வந்தார், எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறாய். உன் கண்ணில் நீர் வந்தது வரைக்கும். எழுதாமல் விட்டிருக்கலாம். எரிகிறது, முந்திரி. நீ நினைக்கிற காரணத்துக்கு இல்லை. அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

பதினொன்றாம் தேதி நன்றாகப் பேசு. அவசரப்படாதே. யாராவது கேள்வி கேட்டால் அவர்கள் முடிக்கும்வரை பொறு.

ஆமை


டிசம்பர் 15

அடப்பாவி,

பேச்சுக்கு முதல் நாள் ஒத்திகை பார்த்தோம். நான் பேசினேன், அவர் கேள்வி கேட்டார். நடுவில் நான் ஒரு இடத்தில் திணற, அவர் எழுந்து வந்து பலகையில் எழுதிக் காட்டினார். அந்தச் சின்ன ஆட்டம் இருக்கிறதே, அதற்கு ஒரு குறியீடு வேண்டுமல்லவா? அவர் பாட்டுக்கு 'ழ' என்று எழுதினார்.

எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது.

கிரேக்க எழுத்தெல்லாம் தீர்ந்துபோய்விட்டது என்று பரீட்சையில் 'ழ' போட்டு, வாத்தியார் சிவப்பு மையில் இது என்ன மொழிப்பாடமா என்று எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தது யாருக்கு? உலகத்தில் இன்னொரு ஆள் அதைச் செய்யமாட்டான். "இது ஏன் 'ழ'?" என்று கேட்டேன். "சும்மா... ஒரு மாறுதலுக்கு" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டது அந்த மனிதருக்கு. கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கண்டிப்பா எழுதியிருந்தார், மேடம். நான் கண்டுபிடிச்ச மாதிரியே சொல்லணும்னு. எனக்கு நடிக்க வராது. ரெண்டு நாள் வீட்ல கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்தேன். என் மாமியார்கூட என்ன ஆச்சுன்னு கேட்டாங்க" என்றார்.

அந்தக் கத்தையைக் காட்டுங்கள் என்றேன். காட்டமாட்டேன் என்றார். உங்கள் மாமியாருக்குப் போன் செய்யவா என்றேன். கொடுத்துவிட்டார்.

படித்தேன். என் எதிரிலேயே கைகட்டி நின்றிருந்தார், பாவம், நான் நிமிரவே இல்லை. எவ்வளவு பொறுமை! எவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்க நேரம் கொடுத்து, இங்கே வழுக்காமல் இருப்பதுதான் கஷ்டம் என்று சொல்லி. அவர் வாயால் கேட்டு நான் கண் கலங்கினேனே, அத்தனையும் உன் வரி.

நீ இத்தனை நாளும் பொறாமைப்பட்டாய், நான் உன்னைக் கேலி செய்துகொண்டிருந்தேன். இப்போது எனக்கு வந்திருக்கிறது. அவர் மேல். உன்னிடமிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தது அவருக்கு. எனக்கு என்ன வந்தது? நெட்டையன், தாடி, குழாய், பல் கடிப்பு. கல்லூரி முடிந்ததிலிருந்து நீ எனக்கு இப்படி ஒரு பக்கம் எழுதியது உண்டா? நான் இந்த ஊருக்கு வந்ததே அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. யாராவது எதிரில் உட்கார்ந்து இப்படிப் பேசமாட்டார்களா என்றுதான் வந்தேன். பேசியது நீ. ஆனால் கூட இருந்து அனுபவித்தது அவர். வயிறு எரிகிறது. இவ்வளவு எரியும் என்று நீ சொன்னபோது நம்பவில்லை.

பேச்சு முடிந்தது. முதல் பக்கத்திலேயே தப்பு எங்களுடையது, திருத்தியது என் கணவர் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். கடைசியில் தலைவி எழுந்து, தன் தப்பைத் தானே மேடையில் சொல்கிறவர்கள் இங்கே போதாது என்றார். வேலை எனக்குத்தான். மாதக் கடைசிக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல். அவருக்கு எழுத முடிந்தது எனக்கு ஏன் எழுத முடியவில்லை?

முந்திரி


டிசம்பர் 21

முந்திரிக்கு,

வேலையை ஏற்றுக்கொள். நாளைக்கே எழுதிக் கொடு. இதைச் சொல்கிறபோது எனக்குப் பெரிய மனசு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த அறை, அந்தப் பலகை, அந்த வண்டி நிறுத்துகிற இடம், எல்லாவற்றின் மேலும் இப்போதும் பொறாமைதான். அது போகிற மாதிரி தெரியவில்லை. ஆனால் நீ அந்த மேடையில் நின்றதைப் படித்த பிறகு, உன்னை மறுபடி ஃபிரிட்ஜ் கதவில் எழுத வைக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த விடுமுறைக்கு அம்மாவும் நானும் அங்கே வருகிறோம். அம்மா இப்போதே பெட்டியை எடுத்துத் தூசி தட்டிவிட்டாள். "குண்டனையும் பாத்துட்டு வந்துடலாம்" என்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில்.

கை தட்டினேன் என்று உனக்கு எழுதிப் போட்டுவிட்டு வந்த அன்றே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே உட்கார்ந்து முதலில் இருந்து ஒழுங்காக எழுத ஆரம்பித்தேன். பாதி எழுதும்போது, நூலகத்தில் உன் எதிரில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. உச்சி இருக்கிற விஷயம் அப்போதுதான் பிடிபட்டது. கடைசிப் பக்கத்தை முடித்து, உறை வாங்கப் போகலாம் என்று செருப்பை மாட்டினபோது உன் கடிதம் வந்தது. கணக்கைப் பற்றி ஒரு வரி எழுதாதே, பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன் என்று.

இரண்டு நாள் அதை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு 'பார்' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'பாருங்கள்' என்று சேர்த்து எழுதினேன். அவருக்குத் தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதி மேலே வைத்தேன்.

அந்தக் கத்தையை மறுபடி அவரிடம் கேட்டு வாங்கிக்கொள். முதல் பக்கத்தின் மேல் ஓரத்தைப் பார். ஸ்கேலை வைத்துக் கிழித்திருப்பேன். அங்கே உன் பெயர்தான் இருந்தது.

ஆமை